வளையலால ஒரு தட்டு

இந்த இடத்துக்கு ஆள் வருதா தாயி? வரலைல்ல? அப்ப அந்தப் பையைக் கொஞ்சம் மடியில வச்சுக்கிடுங்க. ஆங், போதும். நான் கோவில்பட்டி போகணும். நீங்க? எட்டயபுரமா? நல்லதாப் போச்சு, பேச்சுத் துணைக்கு ஆச்சு.

ஒண்ணு முன்னாடியே சொல்லிருதேன், தப்பா நினைக்காதீக. மூணு நாளா நான் வாயைத் தொறக்கல. மௌன விரதம். இன்னிக்குக் காலையிலதான் திருச்செந்தூர் நாழிக்கிணத்துல குளிச்சு, சாமி பாத்து, விரதத்தை முடிச்சேன். மொத வார்த்தை ‘முருகா’ன்னுதான் வரணும்னு மூணு நாளா மனசுக்குள்ள ஒத்திகை பாத்து வச்சிருந்தேன். நேரத்தைப் பாருங்க, வரிசையில ஒருத்தன் குறுக்க பூந்துட்டான். மொத வார்த்தை அவனுக்குப் போயிருச்சு. என்ன வார்த்தைன்னு கேக்காதீக. முருகனுக்கு ரெண்டாவதுதான் கெடைச்சுது.

மத்தபடி நான் அதிகம் பேசுத ஆள் கிடையாது. எங்க தெருவுல வந்து கேட்டுப் பாருங்க, செண்பகவல்லின்னு ஒருத்தி இருக்க எடமே தெரியாது.

நடந்ததைச் சொல்லுதேன், நீங்களே நியாயம் சொல்லுங்க. எனக்கு ஒரே மகன். சண்முகவேல். மஸ்கட்டுல ஏசி மெக்கானிக்கா இருக்கான். ரெண்டு வருசத்துக்கு ஒருக்கா ஒரு மாசம் லீவு. இந்த லீவுலதான் கல்யாணம் முடிச்சோம். பொண்ணு சங்கரன்கோவில், பேரு கோமதி. தங்கமான புள்ள. வாயில வெரல வச்சாக் கடிக்கத் தெரியாது. கல்யாணம், மறுவீடு, அந்தச் சித்தி வீட்டு விருந்து, இந்த மாமா வீட்டு விருந்துன்னு லீவு பூராவும் வாழை இலையிலயே போயிருச்சு. கடைசியில நாலே நாலு நாள் மிச்சம். அந்த நாலு நாளைக்கு ரெண்டு பேரும் போன்ல படம் பாத்துப் பாத்து ஒரு டூர் போட்டாங்க. திருச்செந்தூர்ல ஒரு கும்பிடு. கன்னியாகுமரியில கடற்கரை. அப்புறம் ரெண்டு நாள் பொன்முடி மலையில. மழைக்காடாம், மேகம் ரூமுக்குள்ளயே வருமாம். வந்து என்ன செய்யும்? துணிதான் காயாது.

கோமதி சமையக்கட்டு காலண்டர்ல அந்த நாலு தேதிக்கும் சிவப்புப் பேனாவுல பூ வரைஞ்சு வச்சிருந்தா. சின்னப் புள்ளைல்ல. நான் பாத்தேன். வெறும் பூவாக் கெடக்கேன்னு, அது மேலயே வரிசையா கோயில் பேரை எழுதிட்டேன்.

ஏன்னா எங்க வீட்டு சாமி ரூம்ல பதினோரு முடிச்சு கெடக்கு தாயி. உங்க வீட்டுலயும் முடிவீகள்ல? ஒரு காரியம் ஆகணும்னா மஞ்சத்துணியில ஒரு காசை முடிஞ்சு, சாமி படத்துக்கிட்ட வச்சு நேர்ந்துக்கிடுவோம்ல, அதுதான். பதினொண்ணும் என் மகனுக்கு. அவன் ஐடிஐ பாஸானா உவரியில கடல்மண்ணை ஓலைப்பெட்டியில நாப்பத்தொரு தரம் சுமக்கணும். தலைவலி போனா மண்டைக்காட்டுல மண்டையப்பம் படைக்கணும். விசா கெடைச்சா திருச்செந்தூர்ல மொட்டை. எல்லாம் கெடைச்சிருச்சு. ஒண்ணும் செலுத்தல. லீவுக்கு வந்தா ஓடிருதான்.

அவன் கேட்டான், “ஏம்மா, எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம எப்படிம்மா நேர்ந்தே?” பாத்தீகளா? நேர்ந்துக்கிடுதது ஒருத்தர், நிறைவேத்துதது யாருக்காக நேர்ந்தோமோ அவுக. சாமி காரியத்துல போய் ‘எங்கிட்ட கேட்டியா’ன்னு கேக்கக் கூடாது. இது எங்க வீட்டுச் சட்டம். எங்க வீட்டுக்காரவுகளுக்குக் கல்லடைப்பு சரியானப்ப அவுகதான் பால்குடம் எடுத்தாக. நேர்ந்தது நான். மூச்சு விட்டாகளா? விடல.

அதனால டூரை நான் கொஞ்சம் திருத்திக் குடுத்தேன். மொத நாள் திருச்செந்தூர்ல மொட்டை, மத்தியானம் உவரியில மண்ணு. மறுநாள் கன்னியாகுமரி, மண்டைக்காடு. மூணாம் நாள் விட்டுப்போன கோயில். நாலாம் நாள் காலையில அரை நாள் மலைக்குன்னு விட்டிருந்தேன். கல்நெஞ்சுக்காரி இல்ல நான். கடல்லயும் குளிக்கட்டும், ஆனா தீர்த்தம்னு நினைச்சுக் குளிக்கணும். வெளையாடக் கூடாது.

துணைக்கு நானும் வாரேன்னேன். சின்னஞ்சிறுசுக, வழி தெரியாது. கார் அவனே ஓட்டுவான். எனக்குப் பின்சீட்டுன்னா குமட்டும், அதனால நான் முன்னால. கோமதி பின்னால, புளியோதரைத் தூக்கோட. ராத்தங்கலுக்கு ஒரே ரூம் போதும், மூணு பேருக்கு எதுக்கு ரெண்டு ரூம்னேன். கோமதி கையில இருந்த தோசைக்கரண்டி கீழ விழுந்துச்சு. வேலை நினைப்புல இருந்திருப்பா.

அவுகதான், எங்க வீட்டுக்காரவுக, பேப்பருக்குப் பின்னால இருந்துக்கிட்டு, “ஏட்டி, அதுக ரெண்டும் போயிட்டு வரட்டுமே”ன்னாக. நான் திரும்பிப் பாத்தேன். பேப்பரைக் கொஞ்சம் மேல தூக்கிக்கிட்டாக.

மகன் ஒரு கொக்கி போட்டான். “மலையில நடக்கணும்மா, ஏறணும் எறங்கணும். ஒனக்கு முட்டிவலி.” எனக்கு நாலு வருசமா முட்டிவலி தாயி. இந்தா, இப்பவும் இருக்கு, பஸ் குலுங்குனாச் சுர்ருங்குது. ஆனா அதைச் சொன்னா வீட்டுல விட்டுட்டுப் போயிருவான்ல? “முட்டியா? அது சரியாகி ஒரு மாசம் ஆச்சே”ன்னேன். சொன்னா நம்பணுமேன்னு மாடிப்படியில மூணு தரம் ஏறி எறங்கிக் காமிச்சேன். மூணாவது தரம் எறங்குதப்ப மட்டும் சுவத்தைப் பிடிச்சுக்கிட்டேன்.

கோமதிக்குத்தான் என் மேல எவ்வளவு அக்கறை! அடுப்பை அணைச்சுட்டு வந்து கேட்டா. “நெசமாவே சரியாயிருச்சா அத்தை?” சரியாயிருச்சுன்னேன். “முழுசாவா?” முழுசான்னேன். “நல்லா யோசிச்சுச் சொல்லுங்க அத்தை.” அட, செந்தூர் முருகன் மேல சத்தியமா வலியே இல்லம்மான்னேன். அவ்வளவுதான். அந்தப் புள்ளை முகத்துல ஒரு சிரிப்பு வந்துச்சு பாருங்க. பெத்த மகள்கூட அப்படிச் சந்தோசப்பட மாட்டா.

ஆறுமுகநேரி வந்துட்டாப்புல இருக்கே. உப்பளம் வெள்ளை வெளேர்னு தெரியுது.

கெளம்புத அன்னிக்கு அவுக வாசல்ல நின்னு கையசைச்சாக. முகமெல்லாம் சிரிப்பு. நாலு நாளு நான் இல்லாம இருக்கணுமேங்குத துக்கத்துல சில பேருக்குச் சிரிப்புதான் வரும்.

செந்தூர்ல எறங்கி, மூணு பேரும் கடல்ல முங்கி எந்திரிச்சோம். மொட்டைக்கு டோக்கன் வாங்கிட்டு வாடான்னு மகன்கிட்ட சொல்லுதேன், கோமதி கைப்பையைத் தொறந்து ஒரு மஞ்சத்துணி முடிச்சை எடுத்தா. “அத்தை, நானும் ஒண்ணு நேர்ந்திருந்தேன்”னா.

எனக்கு உள்ளம் குளுந்துபோச்சு. நம்ம வீட்டுப் பழக்கத்தை இந்தப் புள்ளை எவ்வளவு சீக்கிரம் படிச்சுக்கிட்டான்னு. என்னம்மா நேர்ந்தேன்னு கேட்டேன்.

“உங்க முட்டிவலி முழுசாச் சரியானா, நீங்க செந்தூர்ல மூணு நாள் தங்கி, யாருகிட்டயும் ஒரு வார்த்தை பேசாம, ரெண்டு வேளையும் சாமி பாக்கணும்னு நேர்ந்தேன் அத்தை. முருகன் கைவிடல. நீங்களே அவர் மேல சத்தியம் பண்ணிச் சொன்னீங்கல்ல.”

அந்த முடிச்சைக் கையில வாங்குனேன். மஞ்சள் ஈரங்கூடக் காயல, என் வெரலெல்லாம் ஒட்டிக்கிச்சு. அவ வெரலும் மஞ்சளாத்தான் இருந்துச்சு. பாருங்க, எப்பவோ முடிஞ்ச முடிச்சு, சாமிக்குச் செலுத்தப் போறோமேன்னு அன்னிக்குக் காலையில புதுசா மஞ்சள் தடவிக் கொண்டாந்திருக்கா. எத்தனை பேருக்கு அந்தச் சிரத்தை வரும்? போதாததுக்கு, நான் சத்தியம் பண்ண மறுநாளே சத்திரத்துல என் பேருல ரூமும் போட்டு வச்சிருக்கா. என்ன முன்யோசனை!

ஆனா நான் வசமா மாட்டிக்கிட்டேன் தாயி. நான் என்ன செய்ய? வலி போகலைன்னு சொன்னா பொய்ச்சத்தியம் பண்ணவ ஆயிருவேன், அதுவும் முருகன் வாசல்லயே நின்னுக்கிட்டு. போயிருச்சுன்னு சொன்னா மூணு நாள் வாயைக் கட்டணும். எங்கிட்ட கேக்காம எப்படிம்மா நேர்ந்தேன்னு நாக்கு நுனி வரைக்கும் வந்துருச்சு. மகன் என் முகத்தையே பாத்துக்கிட்டு நின்னான். முழுங்கிட்டேன்.

சரி, இவனை மொட்டையாவது போட வச்சுட்டு விரதத்தைத் தொடங்குவோம்னு, “அப்ப மொதல்ல மொட்…”ன்னு ஆரம்பிச்சேன். ஒரு அலை வந்துச்சு. கோமதி என் கையைப் பிடிச்சு அதுல நனைச்சு, “இந்த அலையிலேர்ந்து விரதம் ஆரம்பம் அத்தை”ன்னுட்டா.

பாதி மொட்டையோட நின்னேன் தாயி, பேச்சுல.

விட்டுருவேனா? என் தலையைத் தொட்டு, அவன் தலையைத் தொட்டு, சிரைக்கிற மாதிரி கையால இழுத்துக் காமிச்சேன். “அத்தை நம்மளைத் தலையைத் தடவி ஆசீர்வாதம் பண்ணுதாங்க”ன்னா கோமதி. ரெண்டு பேரும் நெடுஞ்சாண்கிடையா என் கால்ல விழுந்துட்டாங்க. சுத்தி நின்ன சனமெல்லாம் பாக்குது. நல்லா இருங்கன்னு கையைத் தூக்கித்தானே ஆகணும்? தெக்க கையைக் காமிச்சு, மண்ணை அள்ளித் தலையில வச்சுக் காமிச்சேன், உவரியை மறந்துராதீகன்னு. “கடற்கரையில நல்லா மண்ணுல வெளையாடிட்டு வாங்கன்னு சொல்லுதாங்க”ன்னா. நானா? வெளையாடவா? வேணாம் வேணாம்னு ரெண்டு கையையும் ஆட்டுனேன். “டாட்டா சொல்லிட்டாங்க, கெளம்புவோம்.” கண்ணை மூடித் தொறக்கதுக்குள்ள கார்ல ஏறிட்டாங்க. பாவம், புள்ளைக்கு என் சைகை புரியல. பழகப் பழகப் புரிஞ்சுக்கிடுவா.

என் மகனுக்குத்தான் தாங்கல. என் முகத்தையே பாக்கல அவன். வண்டியில சாஞ்சு அந்தப் பக்கம் திரும்பி நின்னான், தோளு ரெண்டும் குலுங்குது. அம்மாவைத் தனியா விட்டுட்டுப் போறோமேன்னு அப்படி ஒரு அழுகை. கோமதிதான் வாயைப் பொத்தி உள்ள உக்கார வச்சா.

எழுதிக் காட்டியிருக்கலாமேன்னு நினைப்பீக. என் மூக்குக் கண்ணாடி கைப்பையில, கைப்பை கார்ல, கார் கன்னியாகுமரி ரோட்டுல. புளியோதரையும் போச்சு. மாத்துத்துணிப் பையையும் போனையும் செலவுக்குக் காசையும் மட்டும் கோமதி மறக்காம எடுத்து வச்சிருந்தா.

சத்திரத்துல பக்கத்து ரூம்ல ஒரு மதுரைக்காரம்மா. அவ மருமகளைப் பத்தி என்னமா வையுதா! அதுக்குப் பதில் சொல்ல எங்கிட்ட அம்பது விசயம் இருந்துச்சு. ஒண்ணும் சொல்ல முடியாம உக்காந்திருந்தேன் பாருங்க, அது விரதம். பட்டினியெல்லாம் ஒரு விரதமா?

மொத நாள் சாயங்காலம் மகன் போன் பண்ணான். எடுத்துட்டேன், பேச முடியாதே? அவனும் அம்மா அம்மாங்கான். கையில கெடந்த வளையலால போன்ல டங்குன்னு ஒரு தட்டு தட்டுனேன். “கேக்குதாம்மா? சரி, ஆமான்னா ஒரு தட்டு, இல்லைன்னா ரெண்டு தட்டு”ன்னான். டங். சாப்பிட்டியான்னான். டங். கோவமான்னான். நான் கொஞ்ச நேரம் தட்டவே இல்ல. அப்புறம் போனாப் போகுதுன்னு ரெண்டு தட்டு.

அன்னிக்குக் கொஞ்சம்தான் பேசுனான். பின்னால கடல் சத்தம் கேட்டுச்சு. மறுநாள் மலையிலேர்ந்து கூப்பிட்டான். மழையாம். கோமதி கால்ல அட்டை கடிச்சுருச்சாம், இவன் உப்பைத் தேடி ஓடுனானாம். சொல்லிச் சொல்லிச் சிரிக்கான். அப்புறம் சிரிப்பு நின்னுபோச்சு. “அம்மா, நான் ஒண்ணு சொல்லவா?”ன்னான். டங்.

மஸ்கட்டுக்குப் போன மொத வருசம், மொட்டை மாடியில ஏசி மாட்டிக்கிட்டு இருக்கப்ப வெயில்ல மயங்கி விழுந்துட்டானாம். ஆஸ்பத்திரியில ரெண்டு நாள் கெடந்தானாம். எனக்குத் தெரியாது தாயி. பெத்தவளுக்குத் தெரியாது. “அங்க மழையே இல்லம்மா. இங்க நனைஞ்சுக்கிட்டே நிக்கேன். உள்ள போகவே மனசு வரல”ங்கான். ஏன்டா அப்பவே சொல்லலைன்னு கேக்க முடியல. கேக்காமயே அவன் பதில் சொன்னான். “அன்னிக்கே ஒனக்கு போன் பண்ணேம்மா. சாப்பிட்டியா, தலைக்கு எண்ணெ வச்சியா, எதுத்த வீட்டுக்காரி என்ன சொன்னா தெரியுமான்னு நீயே பேசிட்டு நீயே வச்சுட்டே.”

சும்மா சொல்லுதான். நான் என்ன அவ்வளவா பேசுதேன்? நீங்களே சொல்லுங்க. இருங்க, இருங்க, நான் முடிச்சிருதேன்.

அரை மணி நேரம் பேசுனான் தாயி. இருபத்தெட்டு வருசத்துல அவன் அவ்வளவு பேசி நான் கேட்டதில்ல. அவன் குரல் இப்படி இருக்கும்னே எனக்கு அன்னிக்குத்தான் தெரியும். போனை வச்சப்புறம் அழுதேன், வாயைப் பொத்திக்கிட்டு, அழுதாலும் விரதம் கலைஞ்சிருமோன்னு. நேத்து சாயங்காலமும் பேசுனான். மொத நாள் எப்படா விரதம் முடியும்னு இருந்தவ, நேத்து ஏன்தான் முடியுதோன்னு உக்காந்திருந்தேன். செந்தூருக்கு வந்து கார்ல கூட்டிட்டுப் போறேன்னான். ரெண்டு தட்டு. எதுக்குச் சுத்துவழி? அந்த நேரத்துல இன்னொரு அருவியில நனைஞ்சுட்டு வரட்டும்.

இன்னிக்குச் சாயங்காலம் நேரா வீட்டுக்கு வந்துருவாங்க. நாளைக்கு அவனுக்கு ஏரோப்ளேன். அப்புறம் ரெண்டு வருசம்.

அட, ஒண்ணு கேக்க மறந்துட்டேன். காலையில அந்த முடிச்சை அவுத்து, காசை உண்டியல்ல போடப் போனேன். தடவிப் பாத்தா அதுல வேல் மாதிரி ஒண்ணு தெரியுது தாயி. எனக்குக் கண்ணாடி இல்லையா, சரியாத் தெரியல. முருகனே மாத்தி வச்ச காசோன்னு போட மனசு வரல. இந்தா, நீங்க பாத்துச் சொல்லுங்க. வேல்தானே?

என்னது? கத்தியா? கத்தியும் ரெண்டு வாளுமா? எழுத்து எப்படி இருக்கு?

அரபு எழுத்தா.

இது மஸ்கட்டுக் காசு. மகன் வந்த அன்னிக்கு அவன் சட்டையைத் துவைக்கப் போட்டப்ப பையில கெடந்துச்சு, நான்தான் எடுத்து டிவி மேல வச்சேன். இது எப்படி அவ முடிச்சுக்குள்ள… கோமதி கேட்டிருப்பா, இவன் எடுத்துக் குடுத்திருப்பான். எப்ப? கெளம்புத அன்னிக்கு… ஈர மஞ்சள்…

கொஞ்சம் பேசாம இருங்க தாயி. நீங்க பேசலதான். நான் எனக்குச் சொன்னேன்.

அப்ப வண்டியில சாஞ்சு நின்னானே, தோளைக் குலுக்கி. அது அழுகை இல்ல. டாட்டாவாம், ஆசீர்வாதமாம். வாயில வெரல வச்சாக் கடிக்கத் தெரியாதவளா அவ? வாசல்ல நின்னு சிரிச்சாகளே, அந்த மனுசனுக்கும் தெரிஞ்சிருக்கும். அத்தனை பேரும் சேந்து என்னை ஒரு சத்திரத்துல கட்டிப் போட்டுட்டு… என்ன, சிரிக்கீக? சிரிங்க, சிரிங்க. எனக்கே சிரிப்பு வருது. நானே போட்ட சட்டமாச்சே. மூணு நாளுக்கு முன்னாடி தெரிஞ்சிருந்தா செந்தூர்க் கடற்கரையில ஒரு ஆட்டம் ஆடியிருப்பேன். இப்ப வயித்தெரிச்சலே வரல, ஏன்னு தெரியல. ரெண்டும் ஒண்ணாச் சேந்துருச்சுகல்ல. அவன் போனப்புறம் அந்த வீட்டுல நானும் அவளுந்தான இருக்கணும். கெட்டிக்காரியா இருந்தா எனக்கும் பொழுது போகும்.

இருங்க, போன் அடிக்குது. அவன்தான். விரதம் முடிஞ்சுருச்சான்னு கேக்கப் போறான்.

முடியலைன்னு ரெண்டு தட்டு தட்டப் போறேன். நாளைக்கு அவன் ஏரோப்ளேன் ஏறுத வரைக்கும் இருக்கட்டும். அதுவரைக்கும் அவன் பேசட்டும். நீங்க யாருகிட்டயும் சொல்லிராதீக தாயி. கண்டக்டர் வந்தா கோவில்பட்டிக்கு ஒண்ணுன்னு நீங்களே எனக்கும் சேத்து வாங்கிருங்க, இந்தாங்க காசு. அது இல்ல, அதை இங்க குடுங்க, அது மஸ்கட்டுக் காசு, அது எனக்கு வேணும்.

ஷ்… வளையலைக் கொஞ்சம் கீழ எறக்கிக்கிடுதேன்.